சைவ விரால்

போன புரட்டாசியில் ஒரு நாள், நமது மாட்டு டாக்டர் ஆலங்குடி பஸ்ஸை விட்டு இறங்கி நேரே என் வீட்டுக் கொல்லைக்கு வந்தார். குட்டைக்குள் எட்டிப் பார்த்தார். சிரிக்கக் கூடாது என்று அவர் பட்ட பாடு இருக்கிறதே...

குட்டையில் இரண்டு விரால் வளர்க்கிறேன். ஆண் ஒன்று, பெண் ஒன்று. வருஷம் திரும்பியும் குஞ்சு இல்லை. அதற்குத்தான் டாக்டரை வரவழைத்தேன்.

என்ன தீனி என்று கேட்டார். தவிடு, கடலைப் புண்ணாக்கு, பொடியாக நறுக்கிய முருங்கைக் கீரை என்று பெருமையாகச் சொன்னேன். யுத்தம் வந்த நாளாய்ப் பத்திரிகையைப் பிரித்தால் வைட்டமின், வைட்டமின் என்கிறார்களே? மனுஷனுக்கு ஆகிற கீரை மீனுக்கு ஆகாதா?

"ஏங்க, நீங்க வளக்குறது விராலா, வெள்ளாடா?" என்றார் டாக்டர்.

குற்றம் முழுவதும் என்னுடையதல்ல. வீட்டுக்காரரான பிள்ளையவர்கள் சுத்த சைவம். கொல்லைக்குள் புலால் நுழையக் கூடாது என்ற கண்டிஷனில்தான் வீடு விட்டார். உயிருள்ள மீனுக்குத் தடையில்லை. ஆனால் அதுவும் சைவமே சாப்பிட வேண்டும்! பாவம், அவை கண்ட பூச்சியைப் பிடித்துத் தின்று காலம் தள்ளின.

அதற்குமேல் இன்னொன்று. குஞ்சு பொரிக்காத மீனைக் கார்த்திகைக்குள் கண்மாயில் விட்டுவிடச் சொல்லியிருந்தார். "வம்சம் விருத்தியாகாத சீவன் கொல்லையில இருக்கப்படாது தம்பி."

நல்லவேளை, குடியிருப்பவனுக்கு இந்தச் சட்டம் இல்லை. இருந்தால் நானும் கண்மாய்க்குத்தான் போக வேண்டும். குழந்தை குட்டி கிடையாது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் நான் ஒருத்தன். சமைப்பதும் நான், உப்பில்லை என்று கோபித்துக்கொள்வதும் நான். சமாதானம் சொல்லத்தான் ஆள் கிடையாது.

விரால் குஞ்சு பொரித்துப் பார்த்திருக்கிறீர்களா? செக்கச்செவேல் என்று குஞ்சுகள் கூட்டமாய் மிதக்கும். தாயும் தகப்பனும் கீழே காவல் போகும். என் கொல்லையில் அப்படி ஒரு குடும்பம் நடக்கட்டுமே என்று ஆசை. பேராசையா, சொல்லுங்கள்?

டாக்டர் கீரையைத் தள்ளி வைத்துவிட்டு விளக்கினார். தாய் தின்பதில்தான் முட்டை ஊறும். மாமிசம் தின்னும் சாதிக்குத் தவிடு வயிற்றை ரொப்பும், முட்டையை ரொப்பாது. "நமக்கு வைட்டமின் கீரையில இருக்கு. அதுக்குத் தலைப்பிரட்டையில இருக்கு."

தவளைக் குஞ்சா? பிள்ளையிடம் யார் சொல்வது? நான் சொன்னேன். ஓர் ஆள் தொலைவு தள்ளி நின்றுகொண்டுதான்.

பிள்ளை நெற்றி நீறு கலையாமல் வெகு நேரம் யோசித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "மழைத் தண்ணி வயக்காட்டுலேருந்து அதுபாட்டுக்கு இங்கிட்டு வந்தா, அதுல என்ன வருதுன்னு நாம பாக்கணுமா என்ன?"

பார்க்க வேண்டியதில்லை என்றேன். அன்று மாலையே அவரே மண்வெட்டி எடுத்து வரப்பை வெட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். சைவத்துக்குப் பங்கமில்லை. குட்டையில் மட்டும் தினமும் விருந்து.

ஐப்பசி அடைமழையில் பெண் விராலின் வயிறு உப்பியது. நானும் கவலையில் சாப்பிடாமல் இளைத்தேன். இந்த வீட்டில் யாராவது ஒருவருக்காவது மசக்கை வர வேண்டாமா?

போன வெள்ளிக்கிழமை பொழுது விடிந்ததும் பார்த்தேன். குங்குமத்தைக் கொட்டியதுபோல் குஞ்சுகள்! பிள்ளை குடும்பத்தோடு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டி வெகு நேரம் குந்தியிருந்தார். கண்மாய்ப் பேச்சை எடுக்கவே இல்லை. போகும்போது, "சாப்பிட்டீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார். குடிவந்த நாளாய் அவர் கேட்காத கேள்வி.

எல்லோரும் போனபின் ஆசையாய்த் தண்ணீரில் கை வைத்தேன். தகப்பன் விரால் பாய்ந்து வந்து விரலில் ஒரு முட்டு!

வலித்தது. ஆனாலும் பாருங்கள், இத்தனை வருஷத்துக்குப் பிறகு என்னையும் ஓர் ஆளாக மதித்துச் சண்டைக்கு வர ஒருத்தன் இருக்கிறான்.