சாமி பாட்டு 2

மாப்ள, உன் பாட்டை அழித்தது நான்தான். லேப்டாப் கோளாறு என்று வெளியில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். பொய்.

நாம் ரெண்டு பேரும் வில்லாபுரத்தில் ஒரு சவுண்ட் சர்வீஸில் வேலை பார்த்தோம். நான் ஸ்பீக்கர் தூக்கி வயர் இழுப்பேன். நீ லேப்டாப்பில் டிஜே. ரெண்டு பேரும் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர்கள்தான். ஆனால் நீ போனில் தேடித் தேடி ஆட்டப் பாட்டுகள் எந்த ஊரில் பிறந்தன என்று தெரிந்து வைத்திருந்தாய். கூட்டத்துக்கு எல்லாமே டிஜே பாட்டு. அதைக் கேட்டாலே உனக்குப் பற்றிக்கொண்டு வரும். உடனே எனக்குப் பாடம் எடுப்பாய்.

"ஹவுஸு வேற, டெக்னோ வேறடா மாப்ள. ஹவுஸு சிகாகோல பொறந்துச்சு. கறுப்பு ஜனங்க, எவனும் சேத்துக்கிடாத ஆளுக, பழைய டிஸ்கோ பாட்ட எடுத்து அடியில மிஷின் டிரம்ம ஓட விட்டாய்ங்க. பாடுற குரல்ல ஒரு உருக்கம் இருக்கும். டெக்னோ டெட்ராய்ட்டு. காரு செய்யிற ஊரு. அதுல மனுசக் குரலே கம்மி. பட்டறைக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கும்."

"அப்ப டிரான்ஸு?"

"அது ஜெர்மனில வளந்தது. வேகம் கூட. ஏத்திக்கிட்டே போயி, டிரம்ம நிப்பாட்டி ஏங்க விட்டு, அப்பறம் மொத்தமா எறக்குவான்."

"அம்புட்டும் டம்மு டம்முனுதானடா கேக்குது?"

"ஒன் காதுல ஸ்பீக்கர் வயரத்தான் சொருகணும்."

ஓனர் அண்ணனுக்கு இதெல்லாம் ஆகாது. இங்கிலீஷ் பாட்டைக் கண்டால் அழித்துவிடுவார். அதனால் ஆறு மாதமாக நீ கோத்த ஒரு மணி நேரப் பாட்டை, ஹவுஸில் தொடங்கி டெக்னோ வழியாக டிரான்ஸில் முடிவதை, "சாமி பாட்டு 2" என்ற ஃபோல்டரில் ஒளித்து வைத்தாய். எந்த விசேஷத்திலும் முதலில் போடுவது சாமி பாட்டு. அதில் அவர் கை வைக்க மாட்டார். என்னிடம் மட்டும் சொன்னாய். ஒரே ஒரு தடவை ஹெட்போனில் கேட்கவும் வைத்தாய்.

மஞ்சள் காமாலையில் நீ போய்ச் சேர்ந்த ஒன்பதாம் நாள், திருவாதவூரில் ஒரு காதுகுத்து. வேறு ஆள் கிடைக்காமல் என்னை லேப்டாப்பில் உட்கார வைத்தார்கள். தாய்மாமன் வீட்டார் ஒரு பென்டிரைவ் நிறையப் பாட்டு கொண்டுவந்தார்கள். லேப்டாப்பில் இடம் இல்லை.

"தம்பி, மாமன் சீரு வாசலுக்கு வந்துருச்சு. தூங்குறியா?"

சாமி பாட்டு ஒன்று இருக்கிறதே, ரெண்டாவது எதற்கு என்று அந்த அவசரத்தில் அழித்தேன். அவர்கள் பாட்டை ஏற்றினேன். சீர்த் தட்டுகள் உள்ளே போன பிறகுதான் உறைத்தது, நீ ஒளித்து வைத்த ஃபோல்டர் அதுதான் என்று. மறுநாள் லேப்டாப் ரிப்பேர்க் கடைக்காரர் பார்த்துவிட்டு, "மேலயே வேற பாட்ட ஏத்திட்டீங்களேண்ணே, இனி வராது" என்றார்.

பதினாறாம் நாள் உன் அம்மா கேட்டார். நான்தான் முன்னால் பெருமையடித்து வைத்திருந்தேனே.

"ஏம்ப்பா, அவன் சொந்தமாச் செஞ்ச பாட்டுன்னியே, அதப் போடு. ஒரு தடவ கேட்டுக்கிறேன்."

"அழிஞ்சிருச்சும்மா." அதற்கு மேல் அவரிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. "நான்தாம்மா அழிச்சேன்."

அவர் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். "நீ கேட்டிருக்கேல்ல? எப்படி இருக்கும்?"

பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் தட்டிக் காட்டினேன். ஹவுஸ் வந்தது. டெக்னோ வந்தது. அங்கிருந்து டிரான்ஸுக்கு எப்படிப் போனாய் என்று தெரியவில்லை. திரும்பத் திரும்பத் தட்டினேன். வரவே இல்லை.

"துக்க வீட்டுல என்னடா தாளம் போட்டுக்கிட்டு?" என்று உன் மாமா அதட்டினார்.

"அவன விடுங்கண்ணே" என்றார் அம்மா. "நீ தட்டுப்பா."

விரல் வலிக்கிற வரை தட்டினேன். இன்றைக்கும் அந்த இடம் எனக்குப் பிடிபடவில்லை. என்மேல் ஆத்திரமாக வருகிறது. உன்மேலும்தான். ஒரு காப்பி எடுத்து வைக்க உனக்கு எம்புட்டு நேரம் ஆகியிருக்கும்?

இதைப் படிக்கிறவர்களே, கோயிலோ பள்ளிவாசலோ சர்ச்சோ, நீங்கள் போகிற இடத்தில் என் மாப்ளைக்காக ஒரு நிமிடம் வேண்டிக்கொள்ளுங்கள். மகன் பாட்டைக் கேட்காமலே இருக்கிற அவன் அம்மாவுக்கும் சேர்த்து.