வாசகசாலைக் கொல்லையில் ஒரு சுமைதாங்கி

நரிக்குடியில் ஆடு மேய்க்கும் வேலை போய்விட, அருப்புக்கோட்டைக்கு நடந்துகொண்டிருந்தேன். திருச்சுழி தாண்டினால் சாலையோரத்தில் அம்மாவின் சுமைதாங்கிக் கல் இருக்கும். இரண்டாவது பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே இறந்தவள் அவள். வழிப்போக்கர்கள் அந்தக் கல்லில் சுமையை இறக்கினால் அவள் பாரம் குறையும் என்பார்கள். அவளுடையதென்று எனக்கு வேறெதுவும் இல்லை. அன்று அங்கே கல்லைப் பெயர்த்தெடுத்த குழிகள்தான் இருந்தன.

"டவுனு வாசகசாலைக்காரக வண்டியில ஏத்திட்டுப் போயிட்டாக. பழைய கல்லெல்லாம் சேக்குறாகளாம்" என்றார் பருத்திக்காட்டில் நின்றவர்.

பொழுது சாயும்போது அருப்புக்கோட்டை வாசகசாலைக்குப் போய்ச் சேர்ந்தேன். கொல்லையில், தலையில்லாத சிலைகளுக்கும் உடைந்த தாழிகளுக்கும் நடுவே அது நின்றது. என் மூட்டையை அதன்மேல் வைத்தேன்.

"ஏலே, எடு! ராசா காலத்துக் கல்லு" என்று காவல்காரர் ஓடிவந்தார்.

"எங்க ஆத்தாவுக்கு வச்சதுய்யா."

"அப்ப பழசே இல்லையா? மாலையெல்லாம் போட்டு எறக்குனாகளேப்பா!"

சிரித்தாலும் மூட்டையை எடுக்க வைத்தார். சேகரித்த பொருள்மேல் எதையும் வைக்கக் கூடாதாம். பேச்சுவாக்கில், வாசகசாலைக்குத் தண்ணீர் சுமக்க ஆளில்லை என்றார். நான் வருகிறேன், ஆனால் குடத்தை அந்தக் கல்லில் இறக்கிவைத்துத்தான் உள்ளே கொண்டுபோவேன் என்றேன். அவர் குடம் இருந்த மூலையைக் காட்டினார். மறுநாள் காலை தண்ணீர் சுமக்கத் தொடங்கினேன்.