ஆபிதா பீவி போட்ட காவல்

கம்ப்யூட்டருக்கு உயிர் வந்த நொடியிலிருந்து ஆபிதா பீவியின் விரல் டெலிட் விசையைத் தட்டிக்கொண்டே இருக்கும். உதட்டில் பிஸ்மி. கம்ப்யூட்டரின் உள்ளமைப்பைக் காட்டும் நீலத்திரை எழும்பியதும், 'வைரஸ் வார்னிங்' என்ற வரிக்கு எதிரே 'எனேபிள்ட்', அதாவது காவல் விழித்திருக்கிறது, என்றிருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பாள். இருக்கும். அதை மாற்ற அவளைத் தவிர அந்தக் கடையில் ஆளே கிடையாது. "நேத்து பூட்டுன கதவ இன்னைக்கு இழுத்துப் பாக்க மாட்டியளா?" என்பாள், கேட்பவர்களிடம்.

மேலப்பாளையத்தில் கல்யாணப் பத்திரிகையும் விசா விண்ணப்பமும் அடித்துக் கொடுக்கும் ஒற்றை அறைக் கடை அவளுடையது. வெளியிலிருந்து வரும் எந்த ஃப்ளாப்பியும் சோதனை முடியாமல் திறக்கப்படாது. அத்தர் மணக்க சௌதியிலிருந்து வந்து இறங்கியவர்கள் முகம் சுளிப்பார்கள்.

"என்னத்தா, எங்களயே சந்தேகப்படுதியே?"

"ஒங்கள இல்ல மாமா. நீங்க கொண்டாந்ததத்தான்."

கெட்டது என்று தெரிந்தால், லேபிளின் குறுக்கே சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. பிறகு அது பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் போகும்.

போன வருடம், தொண்ணூற்றாறில், பள்ளிவாசல் ஜமாஅத்துக்காக அவள் அடித்துவைத்திருந்த ஆயிரத்து நூறு வீடுகளின் பட்டியலை ஒரு வைரஸ் துடைத்துவிட்டது. எடுத்துவைத்த நகலிலும் அதே நோய். நான்கு மாதம் உட்கார்ந்து அதே கம்ப்யூட்டரில் மறுபடி அடித்தாள். இந்த வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும்.

புதன்கிழமை ஜீஷான் வந்தான். சௌதியில், தம்மாமில் அவள் கணவன் நூகுவோடு ஒரே அறையில் இருப்பவன். விடுப்பில் வந்திருந்தான்.

"லாத்தா, மச்சான் இந்தத் தடவ கேசட்டு தரல. ஆபீசு கம்ப்யூட்டர்லயே பேசிப் பதிஞ்சிருக்காவ. ரெண்டு நிமிசம்." ஒரு ஃப்ளாப்பியை நீட்டினான்.

அவள் ஒன்றரை வருடமாகப் பார்க்காத கணவன். ஆபிதா சோதனையை மறந்தாள், ஃப்ளாப்பியைச் செருகினாள். கரண்ட் போயிற்று.

திரும்பி வந்தபோது ஃப்ளாப்பி உள்ளேயே இருந்தது. தானாக எழுந்த கம்ப்யூட்டர் முதலில் அதைத்தான் படித்தது. அவள் போட்டுவைத்திருந்த 'வைரஸ் வார்னிங்' கீச்சென்று கத்தியது. ஏதோ ஒன்று ஹார்டு டிஸ்க்கின் முதல் வாசலில் எழுதப் பார்க்கிறது என்று திரை நடுவே ஒரு பெட்டி. விடலாம் என்றால் 'ஒய்', கூடாது என்றால் 'என்'.

"ஒய்ய அமுக்குங்க லாத்தா, மச்சான் பேசுவாவ!"

அவள் 'என்'னை அமுக்கினாள்.

"மச்சான் போயி வைரஸ் அனுப்புவாவளா?"

"அவுக அனுப்பல, லே. கூடத் தொத்திக்கிட்டு வந்திருக்கு."

"அப்ப குரலு கேக்காண்டாமா?"

"அவுக குரலு எனக்கு மனப்பாடம். ஆயிரத்து நூறு வூட்டுப் பேரு மனப்பாடம் இல்லலா."

ஃப்ளாப்பியை வெளியே எடுத்தாள். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினாள், மூடினாள், மறுபடி கழற்றினாள். 'ஆபிதாவுக்கு' என்று நூகு எழுதியிருந்த எழுத்தில் மை பட்டுவிடாமல், லேபிளின் ஓரத்தில், எறும்பளவில் ஒரு பெருக்கல் குறி போட்டாள்.