வெயில் தின்னும் இரண்டு பாத்தி

இராக்காவல் வேலையில் கஷ்டமே விடிந்த பிறகுதான் என்று, பகலில் புரண்டு படுக்கும் சக காவல்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நாடி பார்த்தவர்

தொண்ணூறுகளின் நடுவில், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு தண்ணீர்விட்டான் கிழங்குத் தோட்டத்தில் காவல் இருந்தேன். கிழங்கு நிறைய வைக்கும் ரகம் ஒரு பாத்தி, கம்மியாக வைப்பது அடுத்த பாத்தி. ஒரே தண்ணீர், ஒரே உரம். வெயிலைச் சாப்பாடாக்குவதில் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஆராய்ச்சிப் பட்டத்துக்காக அளக்க வந்தவர் மேடம். தழையைக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தால், அது எவ்வளவு கரியமில வாயு இழுக்கிறது என்று மெஷின் காட்டும். இந்தப் பருவத்தில் அளவு சரியாக வராவிட்டால் நிலத்துக்கார அண்ணாச்சி வாழை வைத்துவிடுவார். மேடத்துக்குப் பட்டம் போச்சு, எனக்கு வேலை போச்சு.

அண்ணாச்சி ஒருநாள் வரப்பில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "கெழங்கு மண்ணுக்குள்ள கெடக்கு, அந்தம்மா தழையப் பிடிச்சி நாடி பாக்காவ. என்ன வைத்தியம்வே இது?"

நிழல்

வேலை முடிந்தும் வீட்டில் தூக்கம் வராமல் தோட்டத்துக்கே திரும்பி வருவேன். அப்படி வந்த ஒரு மத்தியானம் மேடம் முகம் வெளுத்து நின்றார். கம்மி ரகத்தில் மெஷின் முள் ஏறவே இல்லை. விசாரித்தால், பகல் காவல் இசக்கி அந்தப் பாத்தி வாடுகிறதே என்று இரக்கப்பட்டு, சில நாளாகவே தென்னங்கிடுகு வேய்ந்து நிழல் கட்டி வந்திருக்கிறான். மேடம் அளக்க வந்தால் மட்டும் இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று எடுத்து வைப்பானாம். இனி ஒரு வாரமாவது நிழலில்லாமல் கிடந்து, பிறகு ஒரு நல்ல வெயில் நாளும் வாய்த்தால்தான் அளக்க முடியும். மலைப்பக்கம் சாரல் மேகம் வேறு கூடிக்கொண்டிருந்தது.

மேடம் திட்டவில்லை. இசக்கிதான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னான்: "வாடுன பிள்ளைக்கு நெழலு போட்டேன். அது பட்டினி போடுததுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

உச்சி வேளை

அந்த வாரம் மேகத்தைப் பார்த்துப் பார்த்தே எனக்குக் கழுத்து வலித்தது. ஒருவழியாக ஒருநாள் பளிச்சென்று வெயில் அடித்தது. காலையில் இரண்டு பாத்தியும் ஏறக்குறைய ஒன்றுபோல இழுத்தன. மேடம் மறுபடி மறுபடி அளந்தார். உச்சியில்தான் பிரிந்தது. நல்ல ரகம் அந்தக் காந்தலிலும் விடாமல் இழுத்தது. மற்றது இலைத்துளையை மூடிக்கொண்டு வெயில் தாழக் காத்திருந்தது. தேடிய வித்தியாசம் கிடைத்த நிம்மதியில் மேடம் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நிலம் அடுத்த வருஷமும் கிழங்குக்கே இருக்கட்டும் என்ற அண்ணாச்சி, போகிற போக்கில் என்னைப் பார்த்தார்: "மத்தியானம் மொடங்குதவன் வெளங்க மாட்டான்னு சொல்ல மெஷின் எதுக்குவே?"

மறுநாளும் உச்சிப்பொழுதில் கண்ணை மூடி வெயில் தாழக் காத்துக் கிடந்தேன். நான் எந்தப் பாத்தி என்று அளக்க யாரும் மெஷின் தூக்கி வர வேண்டியிருக்கவில்லை.