மாப்பிள்ளை வரும்வரை மோகனம்

புத்தூரில் நாங்கள் வாசிக்கப்போன கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் வந்த பஸ்ஸை வழியில் நிறுத்திவிட்டார்கள். ஊர் மதராசுக்கா ஆந்திராவுக்கா என்று தெரியாமல் வண்டியை விடமாட்டோம் என்று கூட்டம் ரோட்டில் உட்கார்ந்துவிட்டதாக, சைக்கிளில் வந்த ஒருவர் சொன்னார். ராஜ்யத்தின் எல்லையைத் தீர்மானிக்க அவர்களுக்கு அதைவிட நல்ல முகூர்த்த நாள் கிடைக்கவில்லை.

பெண்ணின் அப்பா நேராக எங்களிடம் வந்தார்.

"மாப்பிள்ள வர்ற வரைக்கும் மேளம் நிக்கக்கூடாது. நின்னா, கல்யாணம் நின்னுபோச்சின்னு சனம் எழுந்து பூடும்."

நாங்கள் இரட்டை நாகஸ்வரம். நானும் முனிரத்தினமும் நகரியில் ஒரே தெரு. நான் சாதகப் பைத்தியம். விடிவதற்குள் சரளி வரிசைகளை மூன்று கால வேகத்திலும் வாசித்து முடித்துவிடுவேன். ஆலாபனையைக்கூட வீட்டிலேயே தயார் செய்து மனப்பாடமாக வைத்திருந்தேன். ஆபத்தில்லாத கற்பனை. முனிரத்தினத்தின் கட்சி வேறு. வரிசை வாசித்தால், அந்தந்த நேரத்தில் தோன்றியபடி வாசிக்கிற மனோதர்மம் செத்துவிடும் என்பான். அதைக் காப்பாற்றுவதற்காகவே தினமும் வெயில் ஏறும்வரை தூங்குவான்.

தெரிந்த கீர்த்தனைகள் தீர்ந்தன. மாப்பிள்ளை வரவில்லை. நான் மோகனம் எடுத்தேன். மனப்பாடமும் தீர்ந்தது. முதலிலிருந்து ஆரம்பித்தேன். மறுபடியும் ஆரம்பித்தபோது, பெண்ணின் தாய்மாமன், தறி ஓட்டுகிறவர், பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னாபா, சேல பூரா ஒரே பூ புட்டாவையே நெய்துக்கினு கீறே?"

நான் வாத்தியத்தை இறக்கினேன். முனிரத்தினம் எடுத்தான். முதல் ஸ்வரப் பிடியிலேயே பந்தல் நிமிர்ந்து பார்த்தது. எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் அவனுடைய சுதந்திரம் நீளமாகப் போனது. மோகனத்தில் இல்லாத நிஷாதம் எட்டிப் பார்த்தது; பின்னால் மத்யமமும் வந்து உட்கார்ந்துகொண்டது. மோகனம் கல்யாணியாகிவிட்டது. வேகம் கூடியதும் விரல்கள் ஒன்றோடொன்று சண்டை போட்டன. தவில்காரர் கையை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தார்.

பந்தல் ஓரத்தில் சிலர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்கள். பெண் தன் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

முனிரத்தினம் முதலில் வாசித்த நல்ல பிடி ஒன்று என் காதில் இருந்தது. அதை எடுத்து, எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். அலங்கார வரிசை வாசிப்பதுபோல் ஒவ்வொரு ஸ்வரமாக இறக்கினேன், பிறகு இரண்டாம் காலத்தில் ஏற்றினேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. சின்னதாக இன்னொரு பிடி போட்டான். நான் அதை வளர்த்தேன். அவன் நிஷாதத்தின் பக்கம் சாய்ந்தபோதெல்லாம் நான் முந்திக்கொண்டு மோகனத்துக்குச் சொந்தமான தைவதத்தில் நின்றேன். தவில் மறுபடி பேசியது. வீட்டில் தயார் செய்யாத ஒன்றை அன்றுதான் முதன்முதலில் வாசித்தேன். எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

ஒருவழியாகக் கூட்டம் வழிவிட்டு, பஸ் வந்துசேர்ந்தது. பெண்ணின் அப்பா ஓடி வந்தார். பாராட்டப்போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

"வந்துட்டாங்கபா. போதும், நிறுத்துங்க. காது வலிக்குது."

மறுநாளிலிருந்து காலையில் அவன் என்னோடு வரிசை வாசித்தான், கொட்டாவியோடு. மாலையில் நான் எதையும் முன்கூட்டி முடிவு செய்யாமல் அவனோடு வாசித்தேன், பயத்தோடு. புதிதாகக் கற்பவர்கள் இரண்டையும் தாங்களே செய்துகொள்வது நல்லது. அன்றைக்கு அந்தப் பந்தலில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் ஒரு வித்வானாகத் தேறினோம்.