மேக்குக் கூண்டு

"தண்ணி வருது" என்று எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். அம்மா அடுப்பைக்கூட அணைக்காமல் இரண்டு குடங்களை இடுக்கிக்கொண்டு ஓடினாள். எங்கள் தெருவில் சில நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும், ஓடாமல் எப்படி? அடுப்பை அணைக்கப் போன நான் கையைத் திருகில் வைத்தபடியே நின்றுவிட்டேன். அந்த டிசம்பர் காலையிலும் அம்மா இப்படித்தான் ஓடினாள். இதே இரண்டு குடங்களோடு.

அன்றைக்கு நிற்காத மழை. கடல் அதன் பாட்டுக்கு இருந்தது. மேற்கே எங்கோ குளக்கரை உடைந்துவிட்டதென்று பைக்கில் வந்த ஒருவர் தெருமுனையில் நின்று "தண்ணி வருது, தண்ணி வருது" என்று கத்திவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். எங்கள் தெருப் பெண்கள் குடத்தோடு வெளியே வந்தார்கள். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குழாயடியில் வரிசை கட்டினார்கள். யார் குடம் முதலில் என்று ஒரு சின்னச் சண்டைகூட நடந்தது. காற்றுகூட வராத குழாயையே பார்த்துக்கொண்டு நின்றவர்களின் முதுகுப் பக்கமாக, பழுப்பு நிறத்தில் அது வந்தது. குடங்கள்தான் முதலில் மிதந்தன.

எச்சரிக்கை வரவில்லை என்று இன்றுவரை தெருவில் பேச்சு. வந்தது. நல்ல தமிழில்தான் வந்தது. அந்த வார்த்தைக்கு எங்கள் தெருவில் வேறு அர்த்தம் இருந்தது, அவ்வளவுதான். இது மண்டையில் ஏறிய நொடியில் எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது.

இன்ஜினியரிங் முடித்துவிட்டுப் போட்டித் தேர்வுக்குப் படிப்பதாக வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஓரிடத்தில் உட்காரமாட்டாள் என்பது எனக்குள்ள பெயர். அன்று மாலைக்குள் ஒரு வாட்ஸப் குழு தொடங்கி, ஒரு விசில் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை வெள்ள ஒத்திகை என்று வீடு வீடாகச் சொல்லியும் வந்துவிட்டேன். விசில் ஊதினால் எல்லோரும் பக்கத்து மொட்டைமாடிக்கு ஏற வேண்டும். அதற்கு மேல் ஒன்றும் யோசிக்கவில்லை.

ஞாயிறன்று ஊதினேன். பாதித் தெரு மாடி ஏறியது. மீதிப் பாதி மேற்கே மெயின் ரோட்டைப் பார்த்து ஓடியது. சுனாமிக்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தது எல்லோர் காலிலும் அப்படியே இருக்கிறது: ஆபத்தென்றால் கடலுக்கு முதுகு காட்டு. வெள்ளம் வந்த திசைக்கே போகிறார்களே என்று பின்னால் ஓடிக் கூட்டிவந்தேன். எல்லோரும் மாடிக்கு வந்து சேரப் பதினொரு நிமிடம் ஆனது. குழுப் படம் எடுத்தோம். ரொம்பப் பெருமையாக இறங்கி வந்தேன்.

மூன்றாவது வீட்டு வாசலில் தையல்கார அக்கா இருந்தாள். எங்கள் தெருவின் பாதி ஜாக்கெட்டுகள் அவள் தைத்தவை. வெள்ளத்துக்கு முன்பே நடந்த ஒரு ஸ்கூட்டர் விபத்திலிருந்து இடுப்புக்குக் கீழே அசைவு கிடையாது, சக்கர நாற்காலிதான். கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். கீழ் வீட்டில் அவள் மட்டும்.

"ஏளா, முடிஞ்சுதா?" என்றாள்.

பதினொரு நிமிடக் கணக்கைச் சொன்னேன்.

"ஒன் ஒத்திகையில நான் செத்துட்டேம்ளா. அதையும் எழுதிக்கோ."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு ஒவ்வொரு வீடாகக் கேட்டேன். எல்லோரும் அவளை நினைத்திருக்கிறார்கள். பக்கத்து வீடு போயிருக்கும் என்று ஒவ்வொரு வீடும் நினைத்திருக்கிறது. விசில் ஊதிய நானோ அந்த அளவுகூட நினைக்கவில்லை.

மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அன்றைக்கு வெள்ளத்தில் தூக்கிப் போனார்கள் இல்லையா, அதேபோல் செய்துவிடலாம் என்றேன். அவள் கையால் சுற்றிக்கொண்டிருந்த தையல் மிஷின் நின்றது.

அவள் சொன்னது இதுதான். இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்தார்கள், ஒருவர் காலைப் பிடித்தார். தோள் பிசகியது. நைட்டி தொடைக்கு ஏறியது. இரண்டு கையும் அடுத்தவர் பிடியில் இருந்ததால் அவளால் இழுத்துவிட முடியவில்லை. தெருவே மாடியில் நின்று பார்த்தது. யாரும் தப்பாகப் பார்க்கவில்லை, ஒருத்தி ஓடிவந்து துண்டு போர்த்தினாள் என்று அதையும் சேர்த்தே சொன்னாள்.

"உசுரு பெருசு இல்லையாக்கும்னு கேப்ப. பெருசுதான். ஆனா இன்னொரு தடவை அப்படித் தூக்க வந்தா, மிஷினப் புடிச்சிக்கிட்டு இங்கனயே இருந்துருவேன். சும்மா சொல்லலளா."

சும்மா சொல்லவில்லை என்று எனக்கும் தெரிந்தது. விசிலை மேசை இழுப்பறையில் போட்டேன். நான்கைந்து நாள் எடுக்கவில்லை.

பிறகு ஆன்லைனில் விற்கும் ஸ்ட்ரெச்சர்களின் படங்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். போனை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவுக்குச் சரி, நம் மாடிப்படியில் இது திரும்புமா என்று கேட்டாள். லாரிக்குப் போர்த்தும் தார்ப்பாயில் ஒரு துண்டும், அகலமான நைலான் பட்டையும் வாங்கிவரச் சொன்னாள்.

ஜாக்கெட் ஆர்டர்களுக்கு நடுவே தைத்து முடித்தாள். ஆறு கைப்பிடிகள். நெஞ்சிலிருந்து கணுக்கால் வரை இரண்டு பக்கமும் மடித்து மூடி, வெல்க்ரோவால் ஒட்டிக்கொள்ளும் மடிப்புகள். ஒவ்வொரு கைப்பிடியிலும், அதைப் பிடிக்க வேண்டிய வீட்டின் கதவு எண் சிவப்பு நூலால். ஆட்களின் பேரைப் போட்டால் என்ன என்று கேட்டேன்.

"ஆளு பேரு போட்டா ஆளு வேலைக்குப் போயிருவான். வீட்டு நம்பர் போட்டா வீடு எங்கன போவும்?"

கைப்பிடி தயார். ஆனால் எதைக் கேட்டதும் ஆறு வீடும் ஓடிவர வேண்டும்? விசிலில் திசை தெரியாது என்பதை ஒத்திகையிலேயே பார்த்துவிட்டோம். அக்கா வாசலில் கூடி உட்கார்ந்து ஒரு வார்த்தை தேடினோம். வெள்ளம் என்று கூப்பிடலாம் என்றேன். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வாழ வந்த மருமகள் ஒருத்தி, எங்கள் ஊரில் குடிக்கத்தான் வெள்ளம் கேட்போம் என்றாள். ஆபத்து என்றால் நாடகம் போடுவதுபோல இருக்கிறது என்றார்கள். ஓடுங்கள் என்றால் எந்தப் பக்கம்? பேச்சு சுற்றிச் சுற்றி வந்தது. அக்கா நூலைப் பல்லால் கடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கூண்டுன்னு சொல்லேன்."

"கோழிக் கூண்டாக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். பிறகு சிரிப்பு தானாக அடங்கியது. புயல் வந்தால் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். மூன்றாம் எண், ஐந்தாம் எண் என்று டிவியில் ஓடும். இந்த ஊரில் கூண்டு ஏற்றியாச்சு என்றால் விளங்காதவர்கள் கிடையாது.

"கப்பலுக்கு ஏத்துதான். நம்ம தெருவுக்கு எவன் ஏத்துனான்?" என்றாள் அக்கா.

திசையையும் முன்னால் சேர்த்தோம். மேக்குக் கூண்டு என்றால் குளத்துத் தண்ணீர், மாடிக்கு ஏறு. கிழக்குக் கூண்டு என்றால் கடல், மேற்கே ஓடு. கிழக்குக் கூண்டுக்கு அக்காவை எந்த வண்டியில் ஏற்றுவது என்பது இன்னும் முடியாத சண்டை. அதைத் தனியாகப் பேச வேண்டும்.

போன ஞாயிறு தார்ப்பாயைச் சோதித்தோம். "மொதல்ல நீ படுளா" என்றாள் அக்கா. படுத்தேன். தூக்கினார்கள். சும்மா படுத்திருப்பதில் என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தவளுக்கு இரண்டாம் படியிலேயே விளங்கிவிட்டது. ஆறு பேரின் தாடையும் கொஞ்சம் வானமும்தான் தெரிகின்றன. எங்கே போகிறோம், எப்போது சாய்வோம் என்று ஒன்றும் தெரியாது. தூக்குகிறவர்களில் ஒருவர் வாயால் சொல்லிக்கொண்டே வர வேண்டும், இப்போது படி, இப்போது திருப்பம் என்று. கீழே வந்ததும் முதலில் அதைத்தான் சொன்னேன்.

அடுத்தது அக்கா. எட்டுப் படி ஏறினார்கள். திருப்பத்தில் ஓரத்துக் கைப்பிடியைப் பிடித்திருந்தவரின் முட்டி சுவரில் இடித்து, எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தது. இறக்கச் சொன்னாள். மெதுவாக இறக்கினார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் அவள் முதலில் பார்த்தது நைட்டியின் ஓரத்தை. கணுக்காலிலேயே இருந்தது. "ம்" என்றாள். அந்த ஒரு எழுத்துக்காக நான் இன்னும் எத்தனை தார்ப்பாய் வேண்டுமானாலும் சுமப்பேன்.

ஓரத்துக் கைப்பிடிகளைப் பிரித்து ஒரு சாண் உள்ளே தள்ளித் தைத்துவிட்டாள். அடுத்த முறை எப்போது என்று யாருக்கும் சொல்லப் போவதில்லை. தனக்கும் சொல்லக் கூடாது என்பது அவள் போட்ட கட்டளை. நாள் எது என்று தெரியாது, நேரம் மட்டும் முடிவு செய்துவிட்டேன். குழாயில் தண்ணீர் வரும் நேரம். தெரு முழுக்கக் குடத்தோடு நிற்கும்போது, தெருமுனையில் போய் நின்று மேக்குக் கூண்டு என்று கத்த வேண்டும். அம்மாவிடம் இதை மட்டும் உளறிவிட்டேன். நிறைந்த குடத்தையும் விட்டுவிட்டா ஓட வேண்டும் என்று கேட்டாள். நிறைந்த குடத்தையும்தான் என்றேன்.

குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு எத்தனை பேர் மூன்றாவது வீட்டுக்கு ஓடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஆறு கைப்பிடியில் ஒன்று எங்கள் வீட்டு எண்.