கோபத்துக்கு வேறு சொல்

சித்தி ஆம்பூரிலிருந்து எங்கள் மர்பி டவுன் வீட்டுக்கு வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. அவளைக் கால் சென்டரில் வேலைக்கு எடுத்திருந்தார்கள். ஆனால் பயிற்சியின் முடிவில் ஒரு சோதனை உண்டு. அதில் தேறாவிட்டால் ஊருக்குத் திரும்பிப் பழையபடி ஷூ கம்பெனியில் தோலுக்குப் பசை தடவ வேண்டியதுதான். அந்தப் பசை நாற்றம் அவளுக்குக் கனவில்கூட வந்து தலைவலியைக் கொடுக்கும் என்று அம்மா சொல்வாள்.

பயிற்சியில் ஒரு விசித்திரமான சட்டம் இருந்தது. போனில் பேசும் வாடிக்கையாளரின் சொல்லை அப்படியே திருப்பிச் சொல்லக் கூடாது. அவர் 'ஆங்க்ரி' என்றால் சித்தி அதை 'அப்செட்' என்று தணிக்க வேண்டும். அவருக்கு 'ப்ராப்ளம்' என்றால் இவளுக்கு அது வெறும் 'கன்சர்ன்'. பொருள் மாறக் கூடாது, சூடு மட்டும் குறைய வேண்டும். 'நோ' என்ற சொல்லுக்கு அங்கே இடமே கிடையாது.

வாடிக்கையாளராக நடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அம்மாவுக்கு அடுப்படியே சரியாக இருந்தது. ஆட்டோ ஓட்டிவிட்டு வரும் அப்பாவுக்குச் சாப்பிட்டதும் கொட்டாவி வந்துவிடும். இங்கிலீஷ் மீடியத்தில் படித்த நான் தேர்ந்தெடுக்கப்பட்டேன். போட்டிக்கு வேறு யாரும் இல்லை என்பதை நான் கண்டுகொள்ளவில்லை.

முகம் தெரியக் கூடாது என்று இரண்டு அறைக்கும் நடுவே இருந்த திரைச்சீலையை இழுத்துவிடுவோம். அந்தப் பக்கம் சித்தி. இந்தப் பக்கம் நான், டிவி ரிமோட்டைக் காதில் வைத்தபடி. வாங்கிய மிக்ஸி ஓடவில்லை என்று ஆரம்பிப்பேன். எங்கள் மிஸ் வகுப்பில் திட்டும் சொற்களெல்லாம் எனக்கு அத்துப்படி. யூஸ்லெஸ், ஹோப்லெஸ், வொர்த்லெஸ் என்று வரிசையாக இறக்குவேன். பெரியவர்களை வாய்க்கு வந்தபடி பேசியும் முதுகில் அடி விழாத விளையாட்டு எனக்கு அது ஒன்றுதான். ஒருமுறை என் சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக் கன்னடக்கார ஆன்ட்டி என்ன ஆச்சோ என்று "ஏனாய்த்து?" எனப் பதறி ஓடிவந்தார். மிக்ஸி கம்ப்ளைன்ட் என்று சொல்லி அம்மா அனுப்பிவைத்தாள்.

சித்தி அசரவில்லை. என் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் இதமான சொல்லைத் தேடிப் பிடித்துத் தருவாள். அந்தப் பழக்கம் சமையலறைக்குள்ளும் வந்துவிட்டது. ஒருநாள் அப்பா இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார். சட்டி காலி.

"மாமா, குழம்பு இப்ப அவைலபிளா இருக்கிற மாதிரி தெரியல. ரசம் வேணா அரேஞ்ச் பண்றேன்," என்றாள் சித்தி.

அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். "உன் தங்கச்சி பாஸாயிடுவா. எனக்கே கோவம் வரல பாரு."

பாஸானாள். பேக்கரியிலிருந்து தில்பசந்த் வாங்கிவந்து, முதல் துண்டை எனக்குத்தான் ஊட்டினாள். அவளை எனக்கு அவ்வளவு பிடித்தது. பாதி வேலை என்னால்தான் கிடைத்தது என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

வேலையில் சேர்ந்த வாரத்தில் ஒரு சாயங்காலம், கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் சித்தி திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். ரிமோட்டை எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள். எனக்கு ஒரே குஷி. இந்த முறை மிக்ஸியை விட்டுவிட்டு ஃப்ரிட்ஜைப் பிடிக்கலாம் என்று தொண்டையைச் செருமினேன்.

"இன்னைக்குத் திட்டாதடி. சும்மா தேங்க்ஸ் மட்டும் சொல்லு," என்றாள்.

திட்டாத வாடிக்கையாளரை வைத்துக்கொண்டு என்ன பயிற்சி என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இருந்தாலும் கேட்டது சித்தி. தேங்க்ஸ் சொன்னேன். ஐ ஆம் கிரேட்ஃபுல் என்றேன். வெரி கைண்ட் ஆஃப் யூ என்றேன். மச் அப்ரிஷியேட்டட் என்றேன். நன்றிக்கு எனக்குத் தெரிந்த சொல்லெல்லாம் தீர்ந்துபோயிற்று. அந்தப் பக்கத்திலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

சளி பிடித்ததில் பாடம் மறந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். இப்படி மறந்தால் வேலை போய்விடுமே என்று பயமாகிவிட்டது. திரைச்சீலையில் வாயை ஒட்டிவைத்து, அவள் ஆபீசில் யாருக்கும் கேட்டுவிடாதபடி மெதுவாகச் சொல்லிக்கொடுத்தேன்.

"யூ ஆர் வெல்கம்னு சொல்லணும், சித்தி."